தண்ணீர் இல்லாமல் ஓடிய பன்னிரண்டு நிமிஷம்

ஸ்ரீரங்கம்
ஆவணி 27, வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி ஜாஹ்னவிக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ரங்கநாதன் கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் பால்கனித் துளசியும் க்ஷேமம், நடுவில் இரண்டு வாரம் மோட்டார் மட்டும் க்ஷேமமாக இல்லை. உன் க்ஷேமத்துக்கும் மாப்பிள்ளை கேஷவ் க்ஷேமத்துக்கும் வயிற்றுக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர் க்ஷேமத்துக்கும் தினமும் தாயார் சந்நிதியில் நின்று மனுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தினம் வீடியோவில் முகம் பார்க்கிற அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பயப்படாதே. ஃபோனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குத் திருத்தம் சொல்லுவார். வாட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடி தேடுகிற சாக்கில் என் ஃபோனை எடுத்துப் படிப்பார். அதனால்தான் உனக்கு அனுப்புகிற பார்சலில் தட்டை டப்பாவுக்குள் அடியில் இந்தக் கடுதாசியை மடித்து வைத்திருக்கிறேன், தட்டை தீரும்போது அகப்படும், உன் வேகத்துக்கு இரண்டு நாள். ஆபரேஷனுக்கு எந்த நாள், எத்தனை மணி என்று பஞ்சாங்கம் பார்த்து எழுதச் சொல்லி உன் மாமியார் கேட்டாரே, நீயும் "அம்மா, நீ பார்த்தா எனக்குத் திருப்தி" என்றாயே, அதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. முதலில் மோட்டார் விஷயத்தைப் படி. தாண்டிப் போகாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

போன வருஷம் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து நம் அபார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது அல்லவா, அதிலிருந்து நம் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் படகு வேண்டும் என்று ஒரே பிடிவாதம். முழங்கால் தண்ணீருக்கு வேட்டியைத் தூக்கிக் கட்டினால் போதும் என்று நான் சொன்னதை யாரும் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. ஆறு கூட்டம் போட்டார்கள். அதில் நான்கு கூட்டம் படகுக்குப் பெயர் வைக்க. உன் அப்பா வைனதேயன் என்றார், தலைவர் ஜனார்தன் மாமா அது பலகையில் கொள்ளாது என்றார், கடைசியில் கருடன் என்று முடிந்தது. பின்பக்கம் மாட்டுகிற மோட்டாருடன் வெள்ளைப் படகு ஒன்று வந்து இறங்கி ஜனார்தன் மாமா காருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தது. ஓட்டுவதற்கு பிலோமின்ராஜ் என்று ஒருவரை வைத்தார்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் கடலில் இருபது வருஷம் படகு ஓட்டியவர், இப்போது பாலக்கரையில் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறார். அவர் பெண் அனிஷா என்னிடம் ப்ளஸ் டூவில் பௌதிகம் படித்தவள், நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அந்த உறவில்தான் என்னை எங்கே பார்த்தாலும் டீச்சர் டீச்சர் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பேசுவார். படகு ஓட்டத் தெரிந்தவர் சங்கத்திலேயே அவர் ஒருவர்தான், அதனால் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

துவக்க விழாவுக்கு ஆவணி முதல் வெள்ளி என்று நாள் குறித்தார்கள். நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால், பத்தரைக்கு ராகு காலம். குறித்துக் கொடுத்தது நான்தான். சிறப்பு விருந்தினர் ஜனார்தன் மாமாவின் பழைய மேலதிகாரி, ரிடையராகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் இன்னும் மாலை போட்டால்தான் உட்காருகிறவர். மோட்டாரை ஆற்றில் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், அது முடியாது என்றால் அதன் கீழ்ப்பகுதி நனைகிற அளவுக்குத் தண்ணீரில் நிற்கவாவது வைக்க வேண்டும் என்று பிலோமின்ராஜ் முதல் நாளே சொல்லி ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிறையத் தண்ணீரும் பிடித்து வைத்திருந்தார். ஜனார்தன் மாமா வந்து பார்த்தார். போட்டோவில் நீல டிரம் நன்றாக இருக்காது, மோட்டாருக்குப் போட்ட சாமந்தி மாலையும் மறைகிறது என்று டிரம்மை எடுத்து வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டார். "தண்ணி இல்லாம ஓட்டக் கூடாதுங்க சார், உள்ள ஒரு ரப்பர் சக்கரம் இருக்கு, அதுதான் தண்ணிய இழுத்து மோட்டாரக் குளுர வைக்கும், காஞ்சு சுத்துனா கருகிடும்" என்று பிலோமின்ராஜ் சொன்னார். ஒரு நிமிஷம் ஓடினால் என்ன ஆகிவிடும், விருந்தினர் சுவிட்சைத் தொட்டதும் அணைத்துவிடலாம் என்று உன் அப்பா சமாதானம் சொன்னார்.

விருந்தினர் வரவில்லை. சமயபுரத்தில் ஒரு காதுகுத்தில் மாட்டிக்கொண்டாராம், பொங்கல் இரண்டாம் தடவை வைத்துவிட்டார்களாம். மணி பத்து அடித்தது. பத்து ஐந்தானது. நல்ல நேரம் கை நழுவுகிறது என்று எல்லோர் முகத்திலும் ஈ ஆடவில்லை. அப்போதுதான் உன் அப்பாவுக்கு மூளை வேலை செய்தது. மோட்டாரை நல்ல நேரத்துக்குள் நாமே போட்டுவிடுவது, விருந்தினர் வந்து கை வைக்கும்வரை ஓடிக்கொண்டே இருப்பது, முகூர்த்தமும் போகாது, மரியாதையும் போகாது. பத்து எட்டுக்கு மோட்டாரைப் போட்டார்கள். ஸ்டாண்டில், வெறும் சிமெண்டுத் தரைக்கு மேலே, மாலையும் சந்தனமுமாக அது ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாறு நிமிஷத்தில் பீப் பீப் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. யாரோ கார் ரிவர்ஸ் எடுக்கிறார்கள் என்று பின்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். மோட்டார் சூடாகிவிட்டது என்று அது கத்துகிறது என்பது பிலோமின்ராஜுக்கு மட்டும்தான் தெரிந்தது. நிறுத்திடட்டுமா என்று கேட்டார். நிறுத்த வேண்டாம் என்று கூட்டத்திலிருந்து ஒருத்தர் சொல்லிவிட்டார். அந்த ஒருத்தர் யார் என்பதை எழுத வேண்டிய இடத்தில் எழுதுகிறேன். பத்து இருபதுக்கு விருந்தினர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத் தொட்டு, சுட்டுக்கொண்டு, நல்ல சக்தியுள்ள மோட்டார் என்று பேசினார். படம் நன்றாக வந்திருக்கிறது, குரூப்பில் பார்த்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். பஞ்சக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் இறக்கினார்கள். ஜனார்தன் மாமா, உன் அப்பா, இன்னும் இரண்டு பேர், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் காற்றடைத்த மாதிரி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மோட்டாரைப் போட்டதும் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒல்லியாகத் தண்ணீர் பீச்சியடிக்க வேண்டுமாம், உனக்குத் தெரியாததா, அது வந்தால்தான் உள்ளே தண்ணீர் சுற்றுகிறது என்று அர்த்தம். அது வரவில்லை. வரலைங்க, இறங்கிடலாம் என்று பிலோமின்ராஜ் சொல்ல, புது மோட்டார் கொஞ்சம் கூச்சப்படும், போகப் போகச் சரியாகும் என்றார் ஜனார்தன் மாமா. பொண்ணு பார்க்க வந்த இடமா என்ன, கூச்சப்படுவதற்கு? ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அந்தப் பீப், பிறகு புகை, பிறகு நடு ஆற்றில் நிசப்தம். ஜனார்தன் மாமா பதறிப்போய் ஒரு வாளி கொள்ளிடத்துத் தண்ணீரை அப்படியே கொதிக்கிற மோட்டார் தலையில் கொட்டப் போனாராம், பிலோமின்ராஜ்தான் கையைப் பிடித்துத் தடுத்து, தானாக ஆறட்டும் என்றாராம். படகு மெதுவாக மிதந்து போய் ஒரு கோரைப் புதரில் செருகிக்கொண்டது. அந்தப் பக்கம் பரிசலில் புல்லுக்கட்டு ஏற்றி வந்த வேலம்மாள் என்கிற அம்மாள் கயிற்றைப் போட்டு இழுத்துக் கரை சேர்த்தாள். எங்கே சாமி கிளம்பினீங்க என்று அவள் கேட்டதற்கு, வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் பயிற்சி என்று உன் அப்பா பதில் சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவில்லையாம். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்.

பிறகு ஆய்வுக் குழு. மூன்று பேர். ஒருவர் பேங்கில் மேனேஜராக இருந்தவர், பெட்ரோலில் கலப்படம் என்றார், பெட்ரோலை மாற்றினார்கள். ஒருவர் கணக்கு வாத்தியார், ஆயில் கனமாக இருக்கிறது என்றார், ஆயிலை மாற்றினார்கள். மூன்றாமவர் உன் அப்பா. விசிறியில் கோரை சுற்றியிருக்கும் என்று இரண்டு மணி நேரம் குனிந்து ஒரு கோரைத்தாளை எடுத்துக் கவரில் போட்டு ஆதாரம் என்று எழுதி வைத்தார், முதுகு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்தது நான். பி பிளாக் மாமி கண்ணேறு என்று பூசணிக்காய் உடைக்கச் சொன்னாள், உடைத்ததில் வாட்ச்மேன் வழுக்கி விழுந்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு மோட்டாரைப் போட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் பீப். பத்து நாள் இதே கூத்து. பிலோமின்ராஜ் ஓரமாக நின்றுகொண்டு, கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தினம் ஒரு தடவை சொல்லுவார். அதற்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்பார்கள்.

அப்போதுதான் உன் அப்பா உனக்கு வீடியோ போட்டார். நார்வேயில் கப்பல் கம்பெனியில் என் பெண் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு, விடுவாரா? நீ மளமளவென்று சொன்னாய், தண்ணீர் பீச்சுகிறதா பார், உறிஞ்சுகிற ஓட்டையில் அடைப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் அந்த ரப்பர் சக்கரம்தான் என்று. அதற்குப் பிறகு, "எப்பவாவது தண்ணி இல்லாம ஓட்டினேளாப்பா?" என்று கேட்டாய். உன் அப்பா ஃபேனைப் பார்த்தார். நான் அடுப்பில் சாற்றமுது பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

நீ சொன்னதால் தீர்மானம் நிறைவேறிற்று. நார்வேயிலிருந்து வந்த வார்த்தை, பாலக்கரையிலிருந்து வந்தால் செல்லாது. பிலோமின்ராஜ் ஆறே போல்ட்டைக் கழற்றிக் கீழ்ப்பகுதியை இறக்கி அந்தச் சக்கரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், கருகின வடாம் மாதிரி இருந்தது. இதழ் ஆறில் ஐந்துதான் இருந்தது. ஆறாவது எங்கே என்று அவர் தேடினார், அது உடைந்து தண்ணீர் போகிற குழாயில் அடைத்துக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டாலும் மறுபடி சூடாகும் என்றார். கம்பியை விட்டு நெம்பி அந்தத் துண்டை எடுத்தே விட்டார். நாகப்பட்டினத்திலிருந்து புதுச் சக்கரம் வரவழைத்துப் போட்டு, அந்த நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட்டார். ஒல்லியாகத் தண்ணீர் பீச்சியது. அரை மணி ஓடியும் சூடாகவில்லை. ஆய்வுக் குழு மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்குச் சிரிக்கச் சிரிக்க ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். மோட்டார் ஏன் கெட்டது என்று பொதுக்குழுவில் அறிக்கை வைக்க வேண்டுமே. உன் அப்பா எழுதி மேஜைமேல் வைத்திருந்த அறிக்கையைப் படித்தேன். மூன்று பக்கம், முதல் இரண்டு பக்கம் கொள்ளிடத்தின் பெருமை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி, படகு இயக்குபவரின் அலட்சியத்தால் மோட்டார் நீரின்றி இயக்கப்பட்டது. ஏன்னா, இது நியாயமா என்று கேட்டேன். யாராவது ஒருத்தர் பேர் வேண்டாமா, விருந்தினர் பேரையா எழுத முடியும், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்றார். நினைத்துக்கொள்ளாமல் என்ன? பிலோமின்ராஜுக்கு ஓர் அணைக்கட்டுப் படகுத்துறையில் நிரந்தர வேலைக்கு நேர்முகம் வந்திருக்கிறது, கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். ஐம்பது வயதில் இனி இப்படி ஒன்று வராது. அலட்சியம் என்கிற வார்த்தை அதில் ஏறினால் அவரை எந்தத் தண்ணீரில் இறக்குவார்கள்?

மறுநாள் அவர் டிரம்மை எடுத்துப்போக வந்தார். மாடியிலிருந்து இறங்கிப் போய் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு நிறுத்தாதே என்று சொன்னது யார் என்று நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. ஜானு, நிறுத்தாதே என்றது நான். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், பஞ்சாங்கம் என் கையில்தானே இருந்தது. நல்ல நேரத்தில் போட்டதை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ராகு காலத்தில் போட்ட மாதிரி ஆகிவிடும், "நிறுத்தாதீங்கோ, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று நான்தான் சொன்னேன். முப்பத்தோரு வருஷம் வெப்பம், வெப்பக் கடத்தல், குளிர்விப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட கை. பிலோமின்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியும்தான் டீச்சர், கருகிடும்னு. ஆனா நீங்க சொன்னதும், நம்ம அனிஷாவுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க சொல்றாங்களே, புது மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது போலன்னு நெனச்சுட்டேன்." கோபமே இல்லை அவர் குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபது வருஷம் கடலில் கற்றதை என் ஒரு வார்த்தைக்காகச் சந்தேகப்பட்டிருக்கிறார் அந்த மனுஷர்.

போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. உன் அப்பா கொள்ளிடத்தின் பெருமையை முடித்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது எழுந்து நின்றேன். நிறுத்தச் சொன்னவர் பிலோமின்ராஜ், வேண்டாம் என்றவள் நான், எழுதுவதானால் செயலாளர் பராசரனின் அகமுடையாள் மரகதவல்லி, பௌதிக ஆசிரியை, பணி நிறைவு என்று எழுதுங்கள் என்றேன். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஜனார்தன் மாமா, மாமி உணர்ச்சிவசப்படுகிறார், பெண்கள் பெயரை அறிக்கையில் ஏற்றுவது சம்பிரதாயம் இல்லை என்று இழுத்தார். கடைசியில் அரை மணி விவாதித்து, இயற்கைக் காரணங்களால் மோட்டார் பழுதடைந்தது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ராகு காலம் இயற்கையில் சேர்த்திதானாம். போகட்டும், அலட்சியம் என்கிற வார்த்தை போனதே. சான்றிதழை நானே எழுதினேன், அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒளிக்காமல். இவர் நிறுத்தச் சொன்னார், கேட்காதவர்களால் மோட்டார் கெட்டது, இவரால்தான் மறுபடி ஓடுகிறது. உன் அப்பாவிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டு சங்கத்தின் முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார், ஒன்று போதும், இரண்டு குத்தினார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன், நீயும் ஃபோனில் ரொம்பக் கிண்டல் செய்யாதே. நேற்று பிலோமின்ராஜ் பேசினார், வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டுமாம். கருடனை ஓட்ட இனி ஆள் இல்லை. சங்கம் ஒரு குழு அமைத்திருக்கிறது.

இப்போது நீ கேட்ட நாள். டாக்டர் சொன்ன அந்த வாரத்துக்குப் பஞ்சாங்கத்தை எடுத்தேன், பிரித்தேன், கைக்கு வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். நான் நாள் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். உன் டாக்டர் எந்த நாள் சொல்கிறாளோ அந்த நாள், எந்த மணி சொல்கிறாளோ அந்த மணி. அதற்கு முன்னாலேயே வலி எடுத்து, இப்போதே என்று அவள் சொன்னால் இப்போதே. ராகு காலமானாலும் எமகண்டமானாலும் போ. கொஞ்சம் பொறுங்கள், இன்னும் பத்து நிமிஷம்தான் என்று உன் மாமியார் சொன்னாலும் மாப்பிள்ளை சொன்னாலும் கேட்காதே. நானே ஃபோனில் அழுதுகொண்டு சொன்னாலும் கேட்காதே, நான் சொல்லக்கூடியவள்தான், அது எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. உன் மாமியாரிடம், அம்மா பார்த்துச் சொல்லிவிட்டாள், டாக்டர் சொல்கிற நேரம்தான் நல்ல நேரமாம் என்று சொல். பொய் இல்லை, நான்தானே சொல்கிறேன்.

சுக்குப் பொடியும் பிரசவ லேகியமும் தட்டைக்குப் பக்கத்து டப்பாவில், மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், குழந்தை பிறந்த பிறகுதான் தொட வேண்டும், இப்போதே ருசி பார்க்காதே. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காலுக்கு சாக்ஸ் போட்டுக்கொள். தண்ணீர் நிறையக் குடி. ரங்கநாதனும் தாயாரும் உன்னையும் உள்ளே இருக்கிறவரையும் பிடித்த கையை விடாமல் கரை சேர்க்கட்டும். தீர்க்க சுமங்கலியாக, நல்ல பிள்ளைத்தாய்ச்சியாக, அம்மாவை மாதிரி பிடிவாதம் இல்லாதவளாக இரு. பிறந்ததும் மணி பார்த்து எழுதி வைத்துக்கொள், ஜாதகம் மட்டும் எழுத வேண்டும், அதை நான் விட மாட்டேன்.

இப்படிக்கு,
பஞ்சாங்கத்தை மூடி வைத்திருக்கும் உன் அம்மா,
மரகதவல்லி